அலுத்துப்போன கேமரா

குலசேகரன் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இட்லி சாப்பிட்டதற்குக் காரணம் பைத்தியம் அல்ல. ஒரு ஜோடி செல்.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சாதாரண செல்தான். அவர் வீட்டு ஹாலில், காலண்டருக்கு மேலே, சோப்பு டப்பா அளவில் ஒரு கேமரா இருந்தது. பெயர் 'இமை'. பெங்களூரிலிருந்த மகள் சாருமதி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டிவிட்டுப் போனாள். வயர் கிடையாது, சார்ஜ் போட வேண்டாம், இரண்டு செல்லைப் போட்டால் மூன்று வருஷம் ஓடும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தது.

குலசேகரன் திருச்சியில் போக்குவரத்து எஸ்.ஐ.யாக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலைக்காலம் முழுக்க நடுரோட்டில் நின்றவர். பாலக்கரை ரவுண்டானாவில் அவர் கையைத் தூக்கினால் மணல் லாரியும் நிற்கும், மந்திரி காரும் நிற்கும். ஊரே தன்னைப் பார்க்க வாழ்ந்து பழகிய மனிதருக்கு, மனைவி போன பிறகு, பார்க்க ஒரு ஜோடிக் கண் இல்லாமல் போயிற்று. அதனால் கேமரா வந்தது அவருக்குப் பிடித்திருந்தது.

முதல் சில வாரங்கள் அமோகம். "அப்பா, அந்தக் கோடு போட்ட சட்டை எப்ப எடுத்தீங்க?" என்று போன் வரும். "யாருப்பா அது, சோபால உக்காந்திருக்காங்க?" என்று வரும். "கீழ் வீட்டு ரெஜினா டீச்சரும்மா, ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்தவங்க. மாவு கொண்டாந்தாங்க" என்று இவர் விளக்கம் சொல்வார். பேச்சு அப்படியே அரை மணி நேரம் ஓடும்.

பிறகு போன் குறைந்தது. பிறகு நின்றே போனது. பொறுத்துப் பார்த்துவிட்டு இவரே கூப்பிட்டார்.

"என்ன சாரு, ஆளையே காணோம்?"

"படமே வரலையேப்பா. அப்ப நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"படம் ஏன் வரல?"

"அது அப்படித்தான்ப்பா. புதுசா ஏதாவது இருந்தாத்தான் அனுப்பும். வழக்கமான விஷயத்துக்கெல்லாம் பேட்டரியைச் செலவு பண்ணாது. மீட்டிங் இருக்கு, வைக்கட்டுமா?"

குலசேகரன் காலண்டருக்கு மேலே பார்த்தார். தான் எழுந்தது, பேப்பர் படித்தது, சாப்பிட்டது, கண் அசந்தது எதுவும் இரண்டு செல்லின் மதிப்புக்குக்கூடத் தேறவில்லை என்று அந்தப் பொட்டு லென்ஸ் முடிவு செய்திருந்தது.

மறுநாள் காலை ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இட்லி சாப்பிட்டார். மூன்றாவது இட்லிக்குள் போன் அடித்தது.

"அப்பா! என்னப்பா இது?"

"தலையில ஓடு விழ இது ஓட்டுக்கூரை வீடா, தளம்தான், தெரியும். இருந்தாலும் ஒரு முன்ஜாக்கிரதை." குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சொல்லு, எப்படி இருக்கே?"

ஹெல்மெட் நான்கைந்து நாள் வேலை செய்தது. அதற்குள் கேமரா பழகிவிட்டது. குலசேகரன் குடைக்கு மாறினார். குடை பிடித்துக்கொண்டு டிவி பார்த்தார். குடை பழசானதும் சோபாவைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வாஷிங் மெஷினுக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார். பழைய யூனிஃபாரத் தொப்பியும் லுங்கியுமாக ஹால் நடுவில் நின்று, வராத வண்டிகளை நிறுத்தி, வராத வண்டிகளை விட்டார். ரெஜினா டீச்சரும் ஒத்தாசைக்கு வந்தார். ஒருநாள் இரண்டு பேரும் கோமாளி மூக்கு வைத்துக்கொண்டு மும்முரமாகக் கேரம் ஆடினார்கள்.

"உங்களுக்கு மூளை கெட்டுப்போச்சு சார்," என்றார் டீச்சர், ஸ்ட்ரைக்கரைச் சுண்டியபடி. "எனக்கும்தான்."

மூன்று வருஷம் ஓட வேண்டிய செல்கள் தீபாவளிக்கு முன்பே செத்தன.

சாருமதி கம்பெனியில் புகார் கொடுத்தாள். அவர்கள் நிலோஃபரை அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்றால் சர்வீஸ் ஆளாக அல்ல. அந்தக் கேமராவுக்குள் இருந்த சிப்புக்கு எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று எழுதியவளே அவள்தான். செல் இவ்வளவு சீக்கிரம் செத்த வீட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவளே கிளம்பி வந்திருந்தாள். பூப்போட்ட தலைத்துணி, முதுகில் லேப்டாப் பை, முகத்தில் துப்பறியும் களை.

கேமராவைக் கழற்றி லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அங்கிள், இந்த வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான்."

"ஒரு கல்யாண மண்டபத்துல மாட்டியிருந்தாக்கூட இவ்வளவு தடவை முழிச்சிருக்காதே!"

ரெஜினா டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். குலசேகரன் எதையும் மறைக்கவில்லை. ஹெல்மெட்டிலிருந்து கோமாளி மூக்கு வரை பெருமையோடு ஒப்பித்தார். நிலோஃபர் சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் திணறினாள்.

"சரி, நான் சொல்றதைக் கேளுங்க. இது எப்பவும் தூங்கிட்டுத்தான் இருக்கும். அப்பப்ப ஒரு கண்ணை மட்டும் லேசாத் திறந்து பாக்கும். கலங்கலா, பொட்டு பொட்டாத்தான் தெரியும். அதுக்குச் செலவே கிடையாது. நான் எதிர்பார்த்த மாதிரிதான் இருக்கான்னு ஒரு கேள்வி கேட்டுக்கும். ஆமான்னா மறுபடி தூங்கிரும். இல்லைன்னாத்தான் முழுசா எழுந்து, பெரிய கேமராவைப் போட்டு, நல்ல படம் எடுத்து, வைஃபைல அனுப்பும். அந்த அனுப்பறதுதான் பேட்டரியைக் குடிக்கும்."

"அதாவது, பாக்கறதுக்குச் செலவில்லை. பாத்ததை இன்னொருத்தர்கிட்ட சொல்றதுக்குத்தான் செலவு," என்றார் டீச்சர்.

"அதேதான் ஆன்ட்டி."

"எங்க தெருவுல நேர்மாறா. சொல்றதுக்குச் செலவே கிடையாது."

நிலோஃபர் சாருமதிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். வாசல் பக்கம் போய்த்தான் பேசினாள். ஆனாலும் சாருமதியின் குரல் ஸ்பீக்கர் தேவைப்படாத குரல்.

"மேடம், எனக்கு மீட்டிங் நடுவுல போன் டிங் டிங்னு அடிக்குது. எடுத்துப் பாத்தா எங்கப்பா வாஷிங் மெஷினைக் கும்பிடறார். மானம் போகுது. தயவுசெஞ்சு ஏதாவது பண்ணி இதைக் குறைங்க. அவர் நல்லா இருக்காரான்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

நிலோஃபர் திரும்பி வந்து கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள். புது செல் போட்டாள். கேமராவைப் பழைய இடத்தில் மாட்டினாள். என்ன செய்தாள் என்று சொல்லவில்லை, குலசேகரனும் கேட்கவில்லை. அவர் அப்போது அடுத்தது என்ன செய்யலாம் என்ற யோசனையில் இருந்தார்.

அவள் செய்தது இதுதான். முன்பு அந்தச் சிப்புக்குப் பொருள்கள் பழகின, ஆள்கள் பழகினார்கள். இப்போது ஒரு மனிதனின் சுபாவத்தையே பழகிக்கொள்ள அதற்குச் சொல்லிக் கொடுத்தாள். இந்த வீட்டுக்காரர் தினமும் புதிதாக ஏதாவது செய்கிறவர் என்று தெரிந்துவிட்டால், புதுமையும் வழக்கம்தான். எழுந்திருக்கத் தேவையில்லை.

குலசேகரன் ஸ்வெட்டரைக் காலில் மாட்டினார். போன் வரவில்லை. பீரோவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்தார். வரவில்லை. டீச்சரின் பழைய பி.டி. வகுப்பு வளையத்தை வாங்கி இடுப்பில் சுற்றப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கேமரா ஒரு கண்ணைத் திறந்து, இவர் இப்படித்தான் என்று மூடிக்கொண்டது.

ஒருநாள் காலை ஒரு பெரிய திட்டம் போட்டார். ஃபேனில் குடையைத் தலைகீழாகக் கட்டி, அதற்குள் காகிதப் பூ நிரப்பி, சுவிட்சைப் போட்டால் ஹால் முழுக்கப் பூமாரி. ஸ்டூல் மேல் ஏறினார். குடைக் கம்பியைக் கட்டும்போது ஸ்டூலின் ஒரு கால் வழுக்கியது.

டமால்.

இடது கால் உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. அசைத்தால் கண்ணில் பூச்சி பறந்தது. போன் சமையல் மேடையில், எட்டாத தூரத்தில். கத்திப் பார்த்தார், வாயில் காற்றுதான் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கேமரா நேர் எதிரே.

அதைப் பார்த்துக் கையைத் தூக்கினார். முதலில் ஒரு கை. பிறகு இரண்டு கை. நில் என்று காட்டினார். வா என்று காட்டினார். மணல் லாரியை நிறுத்திய கை அது. கேமரா பார்த்தது. தரையில் படுத்துக்கொண்டு கையை ஆட்டும் குலசேகரன். வழக்கம்தான். தூங்கிவிட்டது.

கீழ் வீட்டில் ரெஜினா டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டமால் சத்தம் அவருக்கும் கேட்டது. தினமும் மேலே ஏதாவது விழுகிறதுதானே என்று அவரும் கீரையைத் தொடர்ந்தார். ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டைப் பிரிக்கும்போதுதான் கை நின்றது. எது விழுந்தாலும் அடுத்த நொடி மேலே ஒரு சிரிப்பு கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை.

டீச்சர் கீரையைப் போட்டுவிட்டு மாடிப்படி ஏறினார். அந்த வயதிலும் இரண்டிரண்டு படியாக.

கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, அசையக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். டீச்சர் போன் செய்ததும் சாருமதி கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். ஹாலில் கட்டிலைப் போட்டு அப்பாவைப் படுக்க வைத்தாள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தாள். 'இமை' அனுப்பிய படம். அப்பா கட்டிலில் சும்மா படுத்திருக்கிறார், பக்கத்தில் அவள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டிங். அதே படம். மறுபடி டிங்.

"என்னடா இது, இவ்வளவு நாள் ஊமையா கிடந்துட்டு?" என்றார் குலசேகரன்.

சாருமதி சொல்லிக் கேள்விப்பட்டு, அன்று மாலை நிலோஃபர் பழக்கூடையோடு வந்தாள். உட்காராமல் நின்றபடியே சொன்னாள். "நீங்க சும்மா இருக்கறது அதுக்குப் பெரிய அதிசயம் அங்கிள். அதான் அலறுது. விழுந்தப்ப அது பாத்திருக்கு. பாத்துட்டுத் தூங்கியிருக்கு. நான்தான் அப்படி எழுதினேன்."

"நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்," என்றாள் சாருமதி.

"டமால்னு கேட்டும் நான் கீரைதான் ஆஞ்சிட்டிருந்தேன்," என்றார் டீச்சர்.

"ஸ்டூல்ல ஏறினது நான்," என்றார் குலசேகரன். "எல்லாரும் குத்தத்தைப் பங்கு போட்டாச்சு. உக்காரும்மா, டீ சாப்பிடு."

நிலோஃபர் கேமராவைக் கழற்றிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள். கம்பெனியில் சண்டை போட்டிருந்தாள். ஆள் விழுந்தால் கண்டுபிடிக்கிற மாதிரி மாற்றலாம், ஆனால் அப்போது செல் ஆறு மாதம்தான் வரும், மூன்று வருஷம் என்ற பேச்சை அட்டையிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மேலே இருப்பவர்கள் யோசிக்கிறோம் என்றார்களாம். "யோசிக்கறவரைக்கும் இது இந்த வீட்ல வேண்டாம்."

டீச்சரும் நிலோஃபரும் டீ போட உள்ளே போனார்கள். குலசேகரன் மகளைப் பார்த்தார்.

"ஏன் சாரு, ஒரு போன் பண்றதுக்கு நான் கோமாளி மூக்கு வைக்கணுமா?"

அவள் மாவுக்கட்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"போன் பண்ணினா நீங்க என்ன கேப்பீங்க? வரன் வந்திருக்கு, டாக்டர், ஓமன்ல இருக்கான், அவனும் விவாகரத்து ஆனவன்தான், பாக்கறியா. இல்லேன்னா, இப்படியே எத்தனை நாள் தனியா இருப்பே. ஒவ்வொரு தடவையும் அதே. அன்னிக்குப் பூரா எனக்கு வேலையே ஓடாது. படம் வந்தா நீங்க நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சிடும். படம் கேள்வி கேக்காது."

குலசேகரன் ஃபேனைப் பார்த்தார். குடை இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. மகளின் முறிந்த கல்யாணத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளை எல்லாம் ஒருமுறை மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். பெரிய டிராஃபிக் ஜாம்.

"சரி," என்றார் கடைசியில். "அந்தக் கேமராவை இந்தப் பொண்ணு எடுத்துட்டுப் போக வேண்டாம். நீ எடுத்துட்டுப் போ."

"எங்க?"

"உன் வீட்டுக்கு. உன் ஹால்ல மாட்டு. படம் எனக்கு வரட்டும். நீ நல்லா இருக்கியான்னு எனக்கும் தெரியணும்ல? நான் கேள்வியே கேக்க மாட்டேன்."

"கேக்க மாட்டீங்க?"

"உன் கல்யாணத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டேன்னா அந்த இன்னொரு காலையும் ஒடி."

சாருமதிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. கேமரா அதை டிங் என்று அனுப்பியது.

அப்பாவுக்குக் கால் ஒருமாதிரி ஊன்ற வந்ததும் அவள் பெங்களூர் திரும்பினாள். சொன்னபடியே கேமராவை மாட்டினாள். ஹால் அலமாரி மேலே வைத்தால் சோபாவும் தெரியும், தடுப்பில்லாத சமையல் மேடையும் தெரியும். பழைய வீட்டில் கற்றதை எல்லாம் நிலோஃபர் அழித்துக் கொடுத்திருந்தாள். முதல் வாரம் குலசேகரனுக்குப் படங்கள் குவிந்தன. சாருமதி சாப்பிடுகிறாள், சாருமதி லேப்டாப்பில், சாருமதி துணி மடிக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. போன் செய்தால் பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஆச்சரியம், அவளே மற்றதைப் பேச ஆரம்பித்தாள். ஆபீஸ், கால்வலி, லிஃப்ட் ரிப்பேர்.

பிறகு படங்கள் நின்றன. கேமராவுக்கு அவள் பழகிவிட்டாள்.

பொங்கல் கழித்து ஒரு நாள், குலசேகரனும் டீச்சரும் கேரம் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, டிங்.

படத்தில் சமையல் மேடை. அடுப்பு முன்னால் ஓர் ஆண். தாடி. அரைக்கை பனியன். கையில் தோசைக்கரண்டி. கல்லில் தோசை என்ற பெயரில் ஒரு தீவு.

குலசேகரனுக்குள் இருந்த எஸ்.ஐ. எழுந்து நின்றார். "யாரு இவன்?"

"பாத்தா நாப்பது இருக்கும்," என்றார் டீச்சர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. "முகம் நல்லா இருக்கு."

"போன் போட்டுக் கேக்கறேன்."

"போடுங்க. சுத்தியல் எடுத்துட்டு வரேன்."

"எதுக்கு?"

"இன்னொரு கால் இருக்கே."

குலசேகரன் போனைக் கீழே வைத்தார். அந்த வாரம் அவர் பட்ட பாடு பெரும்பாடு. மறுநாள் ஒரு படம். அதே தாடி, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. அதற்கு மறுநாள் சோபாவில் தாடி, கையில் டம்ளர், எதிரே சாருமதி எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தப் படத்தை மட்டும் நிறைய நேரம் வைத்துப் பார்த்தார். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவளாக எதுவும் சொல்லவில்லை. இவராகக் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகியிருந்தது.

திடீரென்று படங்கள் நின்றுவிட்டன. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, அந்தப் பக்கம் ஒரே மௌனம்.

"போயிட்டான் போலிருக்கு சார்," என்றார் டீச்சர் வருத்தமாக. அவருக்குத் தாடியைப் பிடித்திருந்தது.

குலசேகரனுக்கும் மனது கனத்தது. அன்று சாயங்காலம் எதையோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நிலோஃபருக்குப் போன் போட்டார்.

"எம்மா, ஒரு சந்தேகம். வீட்டுக்கு ஒரு புது ஆள் வர்றாருன்னு வையி. அவர் உன் கேமராவுக்கு எப்பப் பழகுவாரு?"

"எப்பவாவது வந்துட்டுப் போறவர்னா பழகவே மாட்டார் அங்கிள். வர்றப்பல்லாம் படம் அனுப்பும்."

"வராமலே நின்னுட்டா?"

"அப்பவும் சொல்லும். ரெண்டு பேரா இருந்த இடத்துல ஒருத்தர்தான் இருக்காங்கன்னு உடனே ஒரு படம் வரும்."

"எதுவுமே சொல்லலேன்னா?"

"அந்த வீட்டு ஆளாயிட்டார்னு அர்த்தம். காலையில எழுந்திருக்கறதுலேருந்து அங்கேயேதான் இருப்பார். ஏன் அங்கிள், யார் வந்திருக்கா?"

"யாரும் வரலம்மா," என்றார் குலசேகரன். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "படம் எதுவும் வரல. அதான் சந்தோஷமா இருக்கு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குளித்து, சவரம் செய்து, கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் போன் செய்தார். டீச்சர் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கப்பா."

"நான் எதுவும் கேக்கறதுக்குக் கூப்பிடலை சாரு. ஒரு தகவல் சொல்லணும். தோசைக்கல்லு நல்லாக் காஞ்சப்புறம் தண்ணி தெளிச்சுத் துடைச்சிட்டு மாவை ஊத்தணும். நடுவுல ஊத்தி வெளியே இழுக்கணும், கரண்டியால குத்தக் கூடாது. டீச்சருக்கும் எனக்கும் பாக்கச் சகிக்கலை."



"அப்பா..." என்றாள் சாருமதி.

"உனக்குச் சொல்லலை. உனக்குத்தான் தோசை வார்க்கத் தெரியுமே. போனை அவர்கிட்ட குடு."

ஏதோ கிசுகிசுப்பு. ஒரு பாத்திரம் உருளும் சத்தம். பிறகு ஓர் ஆண்குரல், பலமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, கன்னட வாடைத் தமிழில் சொன்னது:

"வணக்கம் சார். இப்ப கல்லு காஞ்சிருச்சு. சொல்லுங்க, எப்ப ஊத்தணும்?"